மூன்று துவையலில் உரிந்த 3

நான் வாங்கிய கால்பந்து ஜெர்சியில் துணி நன்றாக இருக்கிறது, தையல் அதைவிட நன்றாக இருக்கிறது, கெட்டது முதுகில் ஒட்டிய எண் மட்டும்தான். ஆனால் நான் காசு கொடுத்ததே அந்த எண்ணுக்காகத்தான் என்பதால் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் போட மனசு வரவில்லை. கடைப் பெயர் வேண்டாம். திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது, வாசலில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டீ-சர்ட் தொங்கும், உள்ளே போனால் ஜெர்சி, அதற்கும் உள்ளே சூட்டில் அழுத்திப் பெயரும் எண்ணும் ஒட்டுகிற ஒரு ஹீட் பிரஸ் மிஷின். இதே மாதிரி அங்கே எத்தனையோ கடை உண்டு, எதுவென்று தேட வேண்டாம்.

நான் கேட்டது இத்தாலியின் ஏசி மிலான் அணியின் பழைய சிவப்பு கறுப்புப் பட்டை ஜெர்சி, பின்னால் மால்டினி என்று பெயர், கீழே 3. பிரஸ் போடுகிற தம்பி நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்ணா, மூணுங்களா? ஏழு, பத்துன்னா வெட்டியே வெச்சுருக்கறமுங்க. மூணு யாருமே கேக்கறதில்லீங்களே" என்றான். அதுவும் உண்மைதான், எல்லோருக்கும் ரொனால்டோவின் ஏழு அல்லது மெஸ்ஸியின் பத்துதான் வேண்டும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை டீமில் பதினோரு பேரில் நாலு பேர் ஏழு, மூணு பேர் பத்து. அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் விடியற்காலை ஆடுகிறோம், லேட்டாக வருகிறவனை லெஃப்ட் பேக்கில், அதாவது இடது பக்கத் தடுப்பில், நிறுத்துவதுதான் அங்கே சட்டம். எட்டு வருசமாக நான்தான் லேட்டு.

சரி, யார் அந்த மூணு என்று தம்பி கேட்டதால் சொன்னேன், மிஷின் சூடாகிற வரைக்கும் வேறு வேலையும் இல்லை. பாவ்லோ மால்டினி மிலானுக்கு முதன்முதலில் லீக் ஆட்டத்தில் இறங்கியது 1985 ஜனவரி 20, உதினேசே அணிக்கு எதிராக, சப்ஸ்டிட்யூட்டாக, அப்போது வயசு 16. கடைசியாக ஆடியது 2009 மே 31, ஃபியோரென்டினாவுக்கு எதிராக, 41 முடிய ஒரு மாதம்கூட இல்லை. நடுவில் வேறு கிளப்பே கிடையாது. 902 ஆட்டம், 7 முறை இத்தாலி லீக், 5 முறை ஐரோப்பியக் கோப்பை. தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் அடுத்த பனியன் கம்பெனியில் போய் நிற்கிற ஊர் இது, தம்பிக்கு அந்த 902-ஐவிட ஒரே முதலாளியிடம் 25 சீசன் என்பதுதான் நம்ப முடியாமல் இருந்தது.

ஜெர்சிக்கு வருகிறேன். மார்பில் மெடியோலானம் என்ற விளம்பரம் போட்ட மாடல், அதாவது 1989, 90 வாக்கில் அவர்கள் அடுத்தடுத்து இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை தூக்கிய காலத்தது. அசல் இல்லை, அசல் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, 450 ரூபாய்க்கு அசல் எதிர்பார்க்கிறவன் காதர்பேட்டைக்கு வரக்கூடாது. பாலியஸ்டர்தான், ஆனால் உடம்பில் ஒட்டாத ரகம், கையில் எடுத்தால் கொஞ்சம் கனம் தெரிகிறது. உள்ளே திருப்பிப் பார்த்தேன் (பன்னிரண்டு வருசம் பனியன் கம்பெனியில் தைத்த பீஸைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளில் நின்றவன், சட்டை என்று எதைக் கொடுத்தாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன்). ஓரத்தைப் பூட்டுகிற ஓவர்லாக் தையல் ஒரே சீராக ஓடியிருக்கிறது, கீழ் மடிப்பில் பேட்லாக் தையல் எங்கேயும் தாண்டவில்லை, கழுத்து ரிப் இழுத்து விட்டால் பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது, தோளில் டேப் வைத்துத் தைத்திருக்கிறார்கள். பட்டைகள் பக்கவாட்டுத் தையலில் ஒன்றுக்கொன்று சேரவில்லை, அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு தப்பு மட்டும் என் பக்கம். இந்தக் காலத்து ஜெர்சியில் பெயரே இருக்கக்கூடாது. இத்தாலி லீகில் ஆட்டக்காரர் பெயரும் சீசன் முழுக்க ஒரே எண்ணும் வந்தது 1995-96-இல்தான், அதற்கு முன்பு முதுகில் வெறும் எண் மட்டும். ஆக 1989 மாடலில் மால்டினி என்று ஒட்டச் சொன்னது, தெரிந்தே செய்த கிறுக்குத்தனம். பெயர் இல்லாமல் வெறும் 3 போட்டுக்கொண்டு போனால் எங்கள் ஆட்கள் பஸ் நம்பரா என்று கேட்பார்கள்.

அந்த ஆள் ஏன் பிடிக்கும் என்றால், அவர் ஆட்டத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காது. இயல்பில் வலதுகால்காரர், ஆடியது பெரும்பாலும் இடது பக்கம், இரண்டு காலும் ஒன்றுபோல வேலை செய்யும். ஓரத்தில் ஓடி வருகிற எதிரணி விங்கர் பந்தை வாங்குவதற்கு முன்பே அவனுக்கும் கோலுக்கும் நடுவில் போய் நின்றுகொள்வார், அவனும் வேறு வழியில்லாமல் பந்தைப் பின்னால் தட்டிவிடுவான், டிவிக்காரன் அதை ரீப்ளே காட்டமாட்டான். பாய்ந்து காலால் பந்தைப் பறிக்கிற டேக்கிள் போட வேண்டி வந்தாலே முன்னாடி எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று அர்த்தம், இப்படி அவர் சொன்னதாக ஒரு பேச்சு சுற்றுகிறது. சொன்னாரோ இல்லையோ, ஆடினது அப்படித்தான். நான் சறுக்கி விழுந்து டேக்கிள் போட்டால் எங்கள் டீமில் கைதட்டு விழும், முழங்கால் தோல் போய்விடும், அந்த ஆள் வெள்ளை டிரவுசரில் மண் படாமல் வீட்டுக்குப் போயிருப்பார்.

1993-94 சீசனில் மிலான் 34 லீக் ஆட்டத்தில் வாங்கிய கோல் 15. அடித்தது 36தான், அதை வைத்தே லீக் ஜெயித்தார்கள். அந்த வருச ஐரோப்பிய ஃபைனல் ஏதென்ஸில், பார்சிலோனாவோடு. தடுப்பில் நடுவில் நிற்க வேண்டிய பாரேசி, கொஸ்டாகுர்டா இரண்டு பேருக்கும் தடை. இடது பக்கத்து மால்டினியை எடுத்து நடுவில் ஃபிலிப்போ கல்லியோடு நிறுத்தினார் கோச் கப்பெல்லோ. மிலான் ஜெயித்தது 4-0. பார்சிலோனா பக்கம் கோல் அடிக்கிற ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும் இருந்தார்கள் என்பதை ஏழாம் நம்பர், பத்தாம் நம்பர் தம்பிமார்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

2005-இல் மிலான் ஆடிய இஸ்தான்புல் ஐரோப்பிய ஃபைனலை நான் நேரில் பார்த்த மாதிரியே நினைவு வைத்திருக்கிறேன், பாதிதான் பார்த்தேன் என்றாலும். நம் நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டே கால் ஆட்டம். லிவர்பூலுக்கு எதிராக முதல் நிமிசத்திலேயே கோல், அடித்தது கேப்டன் மால்டினி, 36 வயசில். பாதி ஆட்டத்தில் 3-0. காலையில் எட்டரை ஷிஃப்ட், இனி என்ன இருக்கிறது என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் டீ இடைவேளையில்தான் தெரிந்தது, 3-3 ஆகி பெனால்டியில் தோற்றார்கள் என்று. அன்றைக்கு நான் பாஸ் பண்ணிவிட்ட பீஸில் எத்தனை ஓட்டை போச்சோ. இரண்டு வருசம் கழித்து அதே லிவர்பூலை ஏதென்ஸில் 2-1 ஜெயித்தார்கள், அதை மட்டும் கடைசி விசில் வரை பார்த்தேன்.

இவ்வளவு கதை ஏன் என்றால், மிலான் அந்த 3-ஐ வேறு யாருக்கும் தருவதில்லை என்று எடுத்து வைத்துவிட்டது, அவர் மகன்கள் அங்கே ஆடினால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். மகன் டேனியல் மிலானுக்கு ஆடவும் செய்தார், 3 போடவில்லை. தாத்தா சேசாரே 1963-இல் கேப்டனாகத் தூக்கிய ஐரோப்பியக் கோப்பையை அப்பா 2003-இல் கேப்டனாகத் தூக்கிய குடும்பம், இரண்டுமே இங்கிலாந்து மண்ணில். அந்த எண்தான் என் முதுகில் மூன்றே துவையலில் உரிந்தது.

முதல் துவையலில் ஓரம் லேசாகத் தூக்கியது. இரண்டாவதில் மேல் வளைவு. மூன்றாவதில் பாதி எண் வாளியில் மிதந்தது. மிஷினில் போடவில்லை, கல்லில் அடிக்கவில்லை, உள்பக்கம் திருப்பிக் கையால் கசக்கியது. காரணமும் எனக்குத் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் நின்று பார்த்தேன். வினைல் என்கிற பிளாஸ்டிக் தாளில் வெட்டிய எண் ஒட்டுவதற்கு 150 டிகிரி சூடு வேண்டும், அழுத்திப் பத்துப் பதினைந்து வினாடி விட வேண்டும், அப்புறம் அந்த வினைல் ஆறின பிறகு உரிக்கிற ரகமாக இருந்தால் ஆற விட வேண்டும். அன்றைக்கு ஞாயிறு, பின்னால் ஆறு பேர் நின்றார்கள், தம்பி ஐந்து எண்ணுவதற்குள் மிஷினைத் தூக்கி, சுடச்சுட மேல் தாளை இழுத்துவிட்டான். பெயருக்கும் எண்ணுக்கும் சேர்த்து 120 ரூபாய். பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டியிருக்கிறது என்பது வேறு வேடிக்கை, இருக்கக்கூடாத பெயர் இருக்கிறது.

திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஜெர்சியை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க ஊட்டுத் தண்ணி உப்புங்களா?" என்றார். போர் தண்ணிதான், உப்புதான், அதில்தான் பிள்ளைகளின் ஸ்கூல் யூனிஃபார்ம் முதல் எல்லாம் துவைக்கிறோம், வேறு எதுவும் உரியவில்லை என்றேன். "அதுக்கு நாங்க என்னங்க பண்றது" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து மனசு இரங்கி, மூணு வெட்டித் தர ரெண்டு நாள் ஆகும், ஏழு ரெடியாக இருக்கிறது, சும்மாவே ஒட்டித் தரட்டுமா என்று கேட்டார். மால்டினி என்ற பெயருக்குக் கீழே ஏழு! ஜெர்சியை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெறும் ஜெர்சி வேண்டுமென்றால் அந்தச் சந்துக்குத் தாராளமாகப் போகலாம், அந்த விலைக்கு அந்தத் தையல் கிடைக்காது. எண் வேண்டுமென்றால் டீமுக்கு மொத்தமாகச் சொல்லி சப்ளிமேஷனில் அடிக்கச் சொல்லுங்கள், துணியை வெட்டித் தைப்பதற்கு முன்பே எண்ணும் சாயத்தோடு ஏறிவிடும், உரிய வழியில்லை. ஒற்றை ஆள் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், வாரநாள் பகலில் போய், மிஷின் பக்கத்தில் நின்று, வாய்விட்டு பதினைந்து எண்ணுங்கள், தம்பி கோபித்துக்கொள்ளமாட்டான்.