உப்புவெளி மணலும் வயரில்லாத வாக்யூமும்: இரண்டு வருடம் பாவித்த அனுபவம்

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. இரண்டு அறை, ஒரு சின்ன ஹோல், குசினி, முன்னால் விறாந்தை. அறைகளில் பழைய சீமெந்து நிலம், ஹோலில் மட்டும் டைல்ஸ். செருப்போடும் சைக்கிள் சில்லோடும் மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தோடும் மணல் நாள் முழுக்க உள்ளே வந்துகொண்டே இருக்கும். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் புழுதியும் சேர்ந்துவிடும். தும்புத்தடியால் காலையும் பின்னேரமும் கூட்டினாலும் கட்டிலுக்குக் கீழே விரலால் பெயர் எழுதலாம்.

வாக்யூம் வாங்கியது அம்மாவுக்காக. அம்மாவுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா. மணல் கனமானது, கூட்டினால் நிலத்தோடுதான் போகும். அதோடு சேர்ந்து கிளம்பும் மெல்லிய தூசிதான் பிரச்சினை. அது நெடுநேரம் காற்றில் மிதந்துவிட்டுத் திரும்ப மெத்தையிலும் நுளம்புவலையிலும் வந்து படியும். "நீ கூட்டி முடிச்சால்தான் பிள்ளை எனக்கு இழுப்புத் தொடங்குது" என்று அம்மா ஒருநாள் சொன்னார். அன்றைக்கே தேடத் தொடங்கினேன்.

வயர் உள்ள பெரிய வாக்யூம்கள் அதே விலைக்கு நன்றாக உறிஞ்சும். ஆனால் எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு பிளக்தான் இருக்கிறது, அதிலும் ஃபேன் செருகியிருக்கும். அந்தப் பெரிய உடம்பை வைக்கவும் இடமில்லை, அம்மாவால் இழுத்துக்கொண்டு திரியவும் முடியாது. அதனால் வயரில்லாதது, 35,000 ரூபாவுக்குள், அம்மா ஒரு கையால் தூக்கக்கூடியது என்று மூன்று நிபந்தனை வைத்துக்கொண்டேன். கடைசியில் 34,500 ரூபாவுக்கு வாங்கினேன். என்ன பெயரில் வாங்கினேன் என்பதை எழுதவில்லை. இந்த விலையில் ஒரே உடம்பு பல பெயர்களில் வருகிறது, உங்கள் ஊர்க் கடையில் வேறு பெயர் ஒட்டியிருக்கலாம். எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் உதவும்.

முதலில் பாரம். பெட்டியில் 1.3 கிலோ என்று போட்டிருந்தது. அது மோட்டாரும் பற்றரியும் உள்ள கைப்பகுதி மட்டும். குழாயும் நிலப் பிரஷும் பூட்டி வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன், 2.4 கிலோ. நிலத்தில் தள்ளும்போது பாதிப் பாரத்தை நிலம் தாங்கிக்கொள்ளும், பரவாயில்லை. யன்னல் மேற்பக்கம், அலுமாரிக்கு மேலே, ஃபேன் இறக்கை என்று உயர்த்தும்போது முழுப் பாரமும் மணிக்கட்டுக்கு வரும். கடையில் நிலத்தில் தள்ளிப் பார்ப்பதோடு விடாதீர்கள். தலைக்கு மேலே அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் சுவிட்ச். சில மெஷின்களில் துப்பாக்கி விசை மாதிரி ஒன்றை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரல் மூட்டு நோகும் அம்மாவுக்கு அது சரிவராது. ஒருதரம் அழுத்தினால் ஓடுகிற, மறுதரம் அழுத்தினால் நிற்கிற பொத்தான் உள்ளதையே எடுத்தேன். எந்த விளம்பரத்திலும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. ஆனால் அம்மா இதைத் தானாகவே எடுத்துப் பாவிப்பதற்கு இந்தப் பொத்தான்தான் காரணம்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது 25,000 பாஸ்கல் உறிஞ்சும் திறன். இந்த எண்ணை வைத்து விலை கூட்டுகிறார்கள். பாஸ்கல் என்பது அழுத்தம். மெஷினின் வாயை முழுதாக மூடிவிட்டு, காற்றே ஓடாத நிலையில் அளக்கிற எண் அது. தூசியை எடுத்துக்கொண்டு போவதற்குக் காற்றும் ஓட வேண்டும். அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்துச் சொல்கிற அளவு 'ஏர் வாட்', ஆனால் மலிவான மெஷின்களின் பெட்டியில் அதைக் காண்பது அரிது. போதாததற்கு அந்த 25,000 உச்ச வேகத்தில் மட்டும்தான் வரும்.

உச்ச வேகம் எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் கடையிலேயே கணக்குப் பார்க்கலாம். என் பற்றரி 22.2 வோல்ட், 2,200 மில்லி அம்பியர் மணி. 22.2ஐ 2.2ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 49 வாட் மணி. சாதாரண வேகத்தில் மோட்டார் 100 வாட் அளவு இழுத்தால் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. உச்சத்தில் 250 வாட் இழுத்தால் பன்னிரண்டு நிமிடம் கூட வராது. பெட்டி 35 நிமிடம் என்றது. எனக்குப் புதிதில் சாதாரண வேகத்தில் 26 நிமிடம் ஓடியது, உச்சத்தில் 11. எங்கள் வீடு முழுதையும் எடுக்க 14 நிமிடம் போதும். இரண்டு வருடம் கழித்து இப்போது 19 நிமிடம்தான் ஓடுகிறது, அப்படியும் வீடு முடிந்துவிடுகிறது. சின்ன வீட்டுக்குப் பெரிய பற்றரி தேவையில்லை. அதன் பாரத்தைத்தான் தினமும் தூக்க வேண்டி வரும்.

பற்றரி தேய்ந்ததில் என் பங்கும் உண்டு. முதல் வருடம் சார்ஜரை விறாந்தைச் சுவரில் மாட்டியிருந்தேன். பின்னேர வெயில் நேரே அடிக்கும் இடம். லித்தியம் பற்றரிக்குச் சூடு ஆகாது. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் சூட்டில் கிடப்பது இன்னும் மோசம். கூட்டி முடித்த கையோடு, மோட்டார் சூடு ஆறாமலே சார்ஜில் போட்டதும் பிழை. இப்போது சார்ஜர் அறைக்குள் இருக்கிறது. அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் போடுகிறேன்.

மணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மெஷினின் உருளையில் கொஞ்சம் விறைப்பான தும்பு இருக்கிறது. சீமெந்து நிலத்தில் அது வேகமாகச் சுற்றும்போது மணலில் ஒரு பகுதியைப் பின்னால் வீசிவிடும், கணுக்காலில் வந்து படும். மெல்லத் தள்ளினால் குறையும். மென்மையான துணி உருளை உள்ளதாக வாங்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். கம்பளம் விரிக்காத வீடுகளுக்கு அதுதான் நல்லது. மணல் இன்னொரு வேலையும் செய்தது. குப்பை சேரும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குவளையின் உள்பக்கம் சுரண்டுப்பட்டு இன்றைக்கு மங்கலாகிவிட்டது, எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. அதனால் விறாந்தைக்கும் வாசலுக்கும் இன்னமும் தும்புத்தடிதான். மணலை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே மெல்லிய தூசிக்கு மட்டும் வாக்யூம்.

அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. முதல்முறை மெத்தையில் சின்னப் பிரஷைப் போட்டு ஓட்டியபோது குவளையில் சாம்பல் நிறத்தில் மா மாதிரிச் சேர்ந்தது. தினமும் உதறி விரித்த மெத்தை அது. எங்கள் ஊர் ஈரப்பதத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் மெத்தையில் நன்றாக வாழும். உயிரோடு இருப்பவை நூலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், உறிஞ்சினால் இலகுவில் வராது. ஒவ்வாமை தருகிற அவற்றின் கழிவில் மேலே கிடப்பது வரும். தலையணை உறையையும் விரிப்பையும் சுடுதண்ணீரில் தோய்ப்பதை நான் விடவில்லை. அம்மாவின் இன்ஹேலரும் அப்படியே இருக்கிறது. ஆனால் கூட்டிய பிறகு வரும் இழுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. வீடு சுத்தமாகும்போது அவர் முற்றத்துக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய விசயம்.

ஆஸ்துமா உள்ள வீட்டில் பில்டரை நன்றாகப் பார்க்க வேண்டும். மிக மெல்லிய துகளையும் பிடிக்கும் பில்டரைக் குறிக்கும் 'ஹெப்பா' என்ற சொல் இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. எச்13 என்று தரம் குறித்திருந்தால் பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுள்ள துகள்களிலும் 99.95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்று பொருள். அதுவும் பில்டருக்கு மட்டுமே. பொருத்துகளில் இடைவெளி இருந்தால் தூசி அந்த வழியால் வெளியே வரும். யன்னலால் வெயில் கோடாக விழும் நேரத்தில் மெஷினை அதில் பிடித்து ஓடவிட்டுப் பார்த்தேன், காற்று வெளியேறும் பக்கத்தில் தூசி பறக்கவில்லை. வாங்கிய முதல் வாரமே இதைச் செய்துவிடுங்கள், மாற்ற வேண்டுமென்றால் மாற்றலாம்.

மழைக்காலத்தில்தான் எனக்குப் பெரிய பிழை நடந்தது. பில்டரைக் கழுவி 24 மணித்தியாலம் காயவிடச் சொல்லிக் கையேட்டில் இருந்தது. நவம்பர் மழையில் 24 மணித்தியாலத்தில் இங்கே துவாய் கூடக் காயாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்ததென்று பூட்டிவிட்டேன். மடிப்புகளுக்குள் ஈரம் நின்று, தூசி சேறாக ஒட்டி, உறிஞ்சுவது பாதியாகி, ஓடும்போதெல்லாம் ஈரச்சாக்கு மணம் வந்தது. அதை எறிந்துவிட்டு 1,800 ரூபாவுக்கு இரண்டு புதிய பில்டர் வாங்கினேன். ஒன்று காயும்போது மற்றது ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் காயவிடுகிறேன். விபூதி, சாம்பிராணிச் சாம்பல், இடியப்ப மா சிந்தினால் வாக்யூம் போடுவதே இல்லை. அவ்வளவு மெல்லிய தூள் பில்டரை ஒரே தடவையில் அடைத்துவிடும். சாம்பலுக்குள் ஒரு தணல் கிடந்தால் குவளைக்குள்ளேயே நெருப்புப் பிடிக்கும்.

உத்தரவாதம் ஒரு வருடம் என்று கடையில் சொன்னார்கள். பற்றரிக்கு ஆறு மாதம்தான் என்பதை ஒன்பதாவது மாதம் சார்ஜ் ஏறாமல் கொண்டுபோனபோதுதான் தெரிந்துகொண்டேன். கொழும்புக்கு அனுப்பி, மூன்று கிழமைக்குப் பிறகு வந்தது. சார்ஜ் ஏறும் செப்பு முனைகளில் உப்புக்காற்றால் பச்சைப்பிடித்திருந்ததுதான் காரணம். காய்ந்த துணியால் துடைத்திருந்தால் வீட்டிலேயே தீர்ந்திருக்கும். இப்போது கிழமைக்கு ஒருமுறை துடைக்கிறேன். பற்றரி திருகாணி இல்லாமல் கழன்று வருகிறதா, தனியாக வாங்கக் கிடைக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். உடம்போடு சேர்த்து மூடிய பற்றரி என்றால் அது சாகும் அன்றைக்கு முழு மெஷினும் போனதாகிவிடும்.

எனக்குக் கழன்று வரும் வகை. அடுத்த கச்சானுக்கு முன் மாற்றிவிடலாம் என்று புதிய பற்றரி ஒன்றுக்கு 9,500 ரூபா கட்டிச் சொல்லி வைத்திருக்கிறேன். பழையதைக் குப்பை வண்டியில் போடப் போவதில்லை, நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, கொழும்பில் பழைய மின்சாதனங்களைப் பொறுப்பெடுக்கும் இடத்துக்கு அடுத்த பயணத்தில் கொண்டுபோவேன்.