கடலோர கிளினிக்குக்கு எந்தப் பல் எக்ஸ்ரே?

மண்டபத்தில் நான் கிளினிக் திறந்து பதினொரு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் ஃபிலிம். பிறகு படத்தை நேராகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஆர்விஜி சென்சார், குழந்தைகளுக்காக பாஸ்பர் பிளேட், இடையில் சில நாள் கையில் பிடித்து எடுக்கும் எந்திரம் என்று எல்லாவற்றையும் புழங்கிப் பார்த்துவிட்டேன். தொண்டியிலும் கீழக்கரையிலும் புதிதாகக் கிளினிக் போடும் தம்பி தங்கைகள் போன் செய்து, "எதை வாங்கலாம் அக்கா?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். விற்க வருகிறவர்கள் படத்தின் தெளிவைத்தான் காட்டுவார்கள். நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டியது உப்புக் காற்றையும் கரண்டையும்.

சுவரில் மாட்டும் எந்திரத்திலிருந்து தொடங்குகிறேன். நான் முதலில் வாங்கியது பழைய ஏசி வகை. காலையில் எடுத்த படம் நன்றாக இருக்கும், மாலை ஏழு மணிக்கு எடுத்தால் வெளிறிப்போகும். ஃபிலிம் கழுவும் டெவலப்பர் திரவம் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை மாற்றினேன். கடைசியில் எலக்ட்ரீசியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் என் அறையில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. ஏசி வகையில் லைன் வோல்டேஜ் குறைந்தால் குழாயில் பிறக்கும் கதிரும் குறையும். டிசி வகையில் எந்திரமே அதைச் சீராக்கிக் கொள்கிறது. இப்போது என்னிடம் இருப்பது 70 கிலோவோல்ட், 7 மில்லியாம்பியர் டிசி எந்திரம். கொஞ்சம் கூடுதல் விலைதான். ஆனால் அதற்குப் பிறகு கரண்டைக் காரணம் காட்டி ஒரு நோயாளியையும் நான் இரண்டாவது முறை எக்ஸ்ரேக்கு உட்கார வைத்ததில்லை.

இன்னொன்று, அந்த எந்திரத்தின் கை. கடையில் பார்க்கும்போது எல்லாக் கையும் நிற்கும். இங்கே இரண்டு வாடைக்காலம் கடந்ததும் மூட்டு ஸ்குரூக்களில் துரு பிடித்து, பல்லுக்கு நேராக வைத்துவிட்டு நான் பட்டனுக்குப் போவதற்குள் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ போட்டு, வருடம் ஒருமுறை மூட்டைத் திறந்து துடைத்து கிரீஸ் வைக்கச் சொல்லிவிட்டேன். வாங்கும்போதே கேளுங்கள்: ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வந்து பார்க்க ஆள் இருக்கிறாரா? என் முதல் எந்திரத்தை விற்றவர்கள் மதுரைக்கு இந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்றார்கள்.

சென்சார் வந்த பிறகு என் ரூட் கேனால் வேலையே மாறிவிட்டது. ஃபிலிமில், வேருக்குள் ஃபைல் என்ற மெல்லிய ஊசியை விட்டு எடுத்த படம் கழுவி வர பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். வாய் திறந்தபடி ஆள் காத்திருக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் ஃபிலிமில் வெள்ளையாகப் படியும், அதற்காகக் கேன் தண்ணீர் வாங்கியிருக்கிறேன். சென்சாரில் சில நொடிகளில் திரையில் வேர் நுனி தெரிகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வருடம் முழுக்க வலியைப் பொறுத்துக்கொண்டு கடலுக்குப் போனவர்கள் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வருவார்கள். ஒரே நாளில் மூன்று, நான்கு ரூட் கேனால் நடக்கும். ஃபிலிமை வைத்து அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே முடியாது.

ஆனால் சென்சார் கல் மாதிரி விறைப்பாக இருக்கும், வளையாது. கீழ்த்தாடையின் உட்பக்கம் எலும்பு புடைத்திருப்பவர்களுக்கு பெரியவர்களுக்கு வழக்கமாக வைக்கும் சைஸ் 2 சென்சார் குத்தும். பதினெட்டு வருடம் படகில் போன ஒருவர், "அம்மா, மீன் முள்ளு ஏறுனாக்கூட இப்படி வலிக்காது" என்றார். அன்றிலிருந்து சென்சாரைப் பல்லோடு ஒட்டி அழுத்துவதில்லை. நாக்குப் பக்கமாக உள்ளே தள்ளி, பல்லின் நீளத்துக்கு இணையாக வைக்கிறேன். அங்கே இடம் அதிகம், படமும் நீளாமல் குறுகாமல் வருகிறது. இதற்கு சென்சாரைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் கட்டாயம் வேண்டும். ஹோல்டர் செலவை மிச்சம் பிடிக்க, நோயாளியை விரலால் பிடிக்கச் சொல்கிற கிளினிக்குகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஓங்கரிப்பு வருகிறவர்களுக்கு நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்து, மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

சென்சாரை இங்கே கொல்வது கேபிளும் உப்பும்தான். என் முதல் சென்சார் மூன்றாம் வருடம் திடீரென்று கம்ப்யூட்டரில் தெரியாமல் போயிற்று. யூஎஸ்பி முனையைப் பார்த்தால் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. இப்போது ஒரு சின்ன நீட்டிப்பு கேபிளில் சென்சாரை நிரந்தரமாகச் செருகி வைத்திருக்கிறேன். தினமும் கழற்றி மாட்டுவது நீட்டிப்பு கேபிளின் முனையை மட்டும். அது போனால் இருநூறு முந்நூறு ரூபாயோடு போகும். இரவில் சென்சாரை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் வைக்கிறோம். கேபிளைச் சுருட்டிக் கட்டாதீர்கள், தொங்கவிடுங்கள். சென்சார் ஒட்டிய இடத்தில்தான் உள்ளே கம்பி அறுகிறது.

பாஸ்பர் பிளேட் குழந்தைகளுக்கு நல்லது. ஃபிலிம் போலவே மெல்லியது, கேபிள் கிடையாது, சின்ன சைஸும் கிடைக்கும். எடுத்த பிறகு லேசர் ஸ்கேனரில் விட வேண்டும், அதற்கு ஒரு நிமிடம் போகும். கடித்தாலோ கீறினாலோ அந்தக் கோடு ஒவ்வொரு படத்திலும் வரும். நம் ஊர் மணல் பொடி கையில் ஒட்டியிருந்தாலே கீறல் விழும் என்பதால் உறையில் போடும் முன் கை கழுவ வேண்டும் என்று உதவியாளரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். ரூட் கேனாலுக்கு இதை நம்பி இறங்க வேண்டாம்.

அப்புறம் கையில் பிடித்து எடுக்கும் எந்திரம். இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். சுவர் வேண்டாம், பேட்டரியில் ஓடும், விலையும் இறங்கிவிட்டது. பாம்பன் பக்கம் ஒரு முகாமுக்கு ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். பெரும்பாலானவற்றில் 2 மில்லியாம்பியர்தான், அதனால் சுவர் எந்திரத்தைவிடக் கதிர் விடும் நேரம் கூடுகிறது. இரண்டு கிலோவுக்கு மேல் எடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கை ஆடாமல் இருக்க முடியாது. பத்தாவது ஆளுக்குப் பிறகு படம் மங்க ஆரம்பித்தது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது, அதன் முன்பக்கம் இருக்க வேண்டிய வட்டமான ஈயத் தடுப்பு அதில் இல்லவே இல்லை. நோயாளியின் முகத்தில் பட்டுத் திரும்பும் கதிர் நேராக எடுப்பவர் மேல் வரும். மற்ற எந்திரத்தில் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறோம், இதிலே கையிலேயே வைத்திருக்கிறோம். 2012இல் இணையத்தில் விற்ற இப்படிப்பட்ட எந்திரங்களைப் பற்றி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரசுத் துறைகளே எச்சரிக்கை விட்டன. எனக்கு ஒன்றை விற்க வந்தவரிடம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அந்த மாடலுக்குத் தந்த வகை ஒப்புதல் சான்றைக் கேட்டேன். "எல்லாரும் வாங்குறாங்க டாக்டர்" என்றார். சான்று கடைசி வரை வரவில்லை. நானும் வாங்கவில்லை. எந்த எந்திரமானாலும் அந்தச் சான்றைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் உங்கள் எந்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு தாடையையும் ஒரே படமாக எடுக்கும் ஓபிஜி எந்திரம் எங்கள் அளவு கிளினிக்குக்குத் தேவையில்லை. ஞானப்பல், தாடை முறிவு என்றால் ராமநாதபுரத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் இம்பிளான்ட்டுக்கும், நரம்புக் குழாயை ஒட்டிய ஞானப்பல்லுக்கும் மட்டும். அதன் கதிர் அளவு வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படத்தைவிடப் பல மடங்கு, எடுக்கும் பரப்பைப் பொறுத்துக் கூடும் குறையும். வெறும் சொத்தைக்கு அதை எழுதுவது எனக்கு ஒப்பாது.

சின்னப்பாலத்திலிருந்து, கடலில் மரிக்கொழுந்து பாசி எடுக்கும் அக்கா ஒருவர் முகம் வீங்கி வந்தார். ஐந்து மாதக் கர்ப்பம். "டாக்டரம்மா, போட்டோ புடிச்சா புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டார். ஒரு சின்னப் பல் படத்துக்குக் கதிர் அளவு பத்து மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு. இயற்கையாகவே வருடம் முழுக்க நம் எல்லாருக்கும் வந்து சேர்வது உலக சராசரியில் சுமார் 2400. அதை அவரிடம், "ரெண்டு நாள் சும்மா இருந்தாலே இவ்வளவு வந்துரும் அக்கா, கதிரும் வயிற்றுப் பக்கம் போகாது" என்று சொன்னேன். ஈய ஏப்ரன் தேவையில்லை என்று 2024இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சொல்லிவிட்டது. கதிரின் அகலத்தைக் குறுக்குவதும் வேண்டாத படத்தைத் தவிர்ப்பதும்தான் முக்கியம் என்கிறார்கள். நானும் வட்டக் குழாயின் முனையில் செவ்வகத் தடுப்பு மாட்டித்தான் எடுக்கிறேன். இருந்தாலும் அந்த அக்காவுக்கு ஏப்ரனைப் போட்டுவிட்டேன். அது மடியில் விழுந்ததும் அவர் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். ஒரே படம், முதல் தடவையிலேயே வேர் நுனிச் சீழ் தெரிந்தது, அன்றே திறந்து வடித்துவிட்டோம்.

அடுத்த தடைக்காலத்துக்குள் சைஸ் 1 சென்சார் ஒன்று வாங்கப் போகிறேன், குறுகிய தாடைக்காரர்களுக்காக. கேபிளைத் தனியாக மாற்றக்கூடிய வகையைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.