கொழிஞ்சியா, தக்கைப்பூண்டா? ஒருபோக வயலுக்கு எது?

எங்களுடையது ஏரிப் பாசனம், மணல்சாரி மண், சம்பா ஒரு போகம்தான். பசுந்தாள் உரத்துக்கு, அதாவது செடியை வளர்த்து அப்படியே மண்ணில் மடக்கி உழுவதற்கு, இரண்டையும் போட்டுப் பார்த்து, கடைசியில் கொழிஞ்சியை வைத்துக்கொண்டேன்.

வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்ப்பது இரண்டுக்கும் பொது. தழை எடை என்று பார்த்தால் தக்கைப்பூண்டுதான். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துத் தண்ணீர் காட்டினால் 45 நாளில் பூத்து, மடக்கி உழத் தயாராகிவிடும். கொழிஞ்சி மெதுவாகத்தான் வரும், தழையும் குறைவு.

எனக்கு முடிவு சொன்னது விதைச் செலவு. தக்கைப்பூண்டைப் பூக்கும்போதே மடக்கி உழுதுவிடுகிறோம். நெற்று முற்றி விதை விழுவதில்லை, அதனால் ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டும். கொழிஞ்சியை ஒரு தடவை நிலத்தில் நிலைக்க வைத்தால் போதும். சம்பா அறுக்கும் முன் இருக்கிற ஈரத்தில் தூவிவிட்டால், கோடையைத் தாக்குப்பிடித்து வளர்ந்து, ஊதாப் பூ பூத்து, நெற்று வெடித்துத் தானே விதை கொட்டும். அதன் விதைத்தோல் தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டி. அதனால் முதல் விதைப்புக்கு மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் முளைப்பு மோசமாக இருக்கும். ஆனால் கொட்டிய விதை அடுத்த கோடை வரை மண்ணில் கெடாமல் கிடப்பதும் அந்தத் தோலால்தான்.

இன்னொன்று, ஆடு மாடு. அறுவடை முடிந்தால் வயல்வெளி முழுக்க மேய்ச்சல்தான். தக்கைப்பூண்டின் கொழுந்தை ஆடு விட்டுவைக்காது, காவல் வேண்டும். கொழிஞ்சியை அவை பெரிதாகச் சீண்டுவதில்லை.

மருந்துக்கும் ஆகும் செடி இது. வேர்ப்பட்டையை வயிற்று வலிக்கும் உப்புசத்துக்கும் கைமருந்தாகக் கொடுப்பார்கள். நான் சாப்பிட்டுப் பார்த்ததில்லை, அதனால் பலனைப் பற்றிப் பேசவில்லை.

களர் மண்ணோ, தண்ணீர் தேங்கும் களிமண்ணோ என்றால் தக்கைப்பூண்டையே போடுங்கள், அது தாங்கும். அப்படிப்பட்ட நிலத்தில் கொழிஞ்சி போட்ட அனுபவம் எனக்கு இல்லை.

விதையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. தரிசிலும் சாலையோரத்திலும் கொழிஞ்சி தானாகவே கிடக்கிறது. சந்தேகம் வந்தால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாமல் அம்பு முனை போலப் பிளந்து வந்தால் கொழிஞ்சிதான். காய்ந்த நெற்றாகப் பார்த்து, வெடிக்கும் முன் காலை வேளையில் பறித்துக்கொள்ளுங்கள்.