கோகர்ணம் போகிறவர்களுக்கு: படகுக்காரரிடம் முழுக்காசையும் கொடுத்துவிடாதீர்கள்

மே மாதம் மூன்றாவது வாரம் அம்மா, மனைவி, ஒன்பது வயதுப் பையனோடு கர்நாடகக் கடற்கரையில் இருக்கும் கோகர்ணம் போயிருந்தேன். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம், துளுவ நாட்டில் பாடல் பெற்ற ஒரே ஊர் என்று அம்மாவுக்குப் பல வருட ஆசை. பையனுக்குக் கடல். முதல் நாள் மகாபலேஸ்வரர் தரிசனம் நிம்மதியாக முடிந்தது. மறுநாள்தான் மாட்டிக்கொண்டோம்.

ஊருக்குத் தெற்கே குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று வரிசையாகக் கடற்கரைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு குன்று கடலுக்குள் நீண்டிருக்கும். ஓம் பீச் வரை ஆட்டோ வரும். அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் பாறையேறி நடக்க வேண்டும், அல்லது படகு. அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் படகுதான் என்று முடிவு செய்தோம்.

பாரடைஸ் போக, திரும்பி வர ஆளுக்கு 400 ரூபாய், மொத்தத்தையும் இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்றார் படகுக்காரர். 1600 ரூபாய் கொடுத்தேன். "சரியா நாலு மணிக்கு வந்துடுவேன் அம்மா, கவலைப்படாதீங்க" என்று அம்மாவிடமே சொன்னார். ரசீது இல்லை. போன் நம்பர் நானும் கேட்கவில்லை. நான்கு பேருக்கு இரண்டு லைஃப் ஜாக்கெட்தான் இருந்தது. அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.

இடம் அழகு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் போன அன்று அங்கே ஒரு கடைகூட இல்லை. கொண்டுபோன தண்ணீர் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது. நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று, படகு வரவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. ஆறு மணிக்குப் பையன் அழ ஆரம்பித்துவிட்டான்.

ஹூப்ளியிலிருந்து வந்திருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள்தான் காப்பாற்றினார்கள். தெற்குப் பக்கம் பெலேகான் என்றொரு ஊர் இருக்கிறது, அங்கே போனால் ஆட்டோ பிடிக்கலாம், ஹாஃப் மூன் வழியைவிட நடையும் குறைவு என்று அழைத்துப் போனார்கள். வழியிலேயே இருட்டிவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் பாறை இறங்கும்போது அம்மா கால் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கி, மறுநாள் முழுக்கப் படுக்கைதான். இன்னொரு முறை கோயிலுக்குப் போக வேண்டும் என்று வைத்திருந்த ஆசை அப்படியே நின்றுபோயிற்று.

காலையில் அந்த மனிதரைத் தேடிப் பிடித்தேன். மத்தியானம் காற்று ஏறிவிட்டது, அலையில் படகு எடுக்க முடியவில்லை என்றார். மழைக்காலம் நெருங்கும் மே கடைசியில் காலையில் அமைதியாக இருக்கும் கடல் பிற்பகலில் கொந்தளிப்பது அங்கே தினமும் நடப்பது. கடலிலேயே பிழைக்கிறவருக்கு அது காலை பதினொரு மணிக்கே தெரியாதா? தெரிந்தும் திரும்புவதற்கான காசை வாங்கிக்கொண்டார். பாதிப் பணமாவது கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை.

போகிறவர்கள் ஒரு வழிக் காசை மட்டும் கொடுங்கள், மீதியைத் திரும்பி வந்து கரையில் இறங்கிய பிறகு. நம்பர் வாங்கினால் அங்கேயே ஒரு கால் போட்டு மணி அடிக்கிறதா என்று பாருங்கள். ஆளுக்கொரு ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். மே மாதமென்றால் விடிந்ததும் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். வயதானவர்கள் இருந்தால் பெலேகான் வழியைப் போகும் முன்பே விசாரித்து வையுங்கள்.

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்திடம் அதே மனிதர் அதே 400 ரூபாயைச் சொல்ல ஆரம்பித்தார். நேரே அவர்களிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் படகேறவில்லை.