ஊட்டியில் இருந்துகொண்டு பழைய ரிவால்வர்: படம் பார்த்து வாங்குவதா, கடைக்கே போவதா?

லைசென்ஸ் கையில் இருக்கிறது, புதிது வாங்க வசதி இல்லை என்றால் இரண்டு வழி. இணையத்தில் விலையையும் மாடலையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நேர்மையான டீலர் தன் லைசென்ஸ் விவரத்தையும் துப்பாக்கியின் சீரியல் எண்ணையும் கேட்டதும் தருவார், தராதவரை விட்டுவிடுங்கள். ஆனால் குழலுக்குள் இருக்கும் துரு படத்தில் தெரியாது. கோயம்புத்தூர் இறங்கிக் கடையில் பார்த்தால், குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு குண்டுகள் போடும் சுழல் உருளையான சிலிண்டர் ஆடுகிறதா, குழலின் உட்புறம் அரித்திருக்கிறதா என்று நாமே பார்த்துவிடலாம், நம் ஊர் மூடுபனி ஈரத்தில் லேசான துருகூட சீக்கிரம் பரவும். என் ஓட்டு கடைக்குத்தான். அப்புறம், எந்த வழியில் வாங்கினாலும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். லைசென்ஸே கேட்காமல் கூரியரில் அனுப்புகிறேன் என்பவருக்கு முன்பணம் கட்டாதீர்கள்.