ஒர்க்‌ஷாப் தரையில் எபாக்ஸி: முன்பக்கம் உரிந்தது, பின்பக்கம் அசையவில்லை

தென்காசியில் வாட்டர் சர்வீஸ் கடை போடப்போகும் மச்சினன் போன வாரம் போனில் கேட்டான்: "அத்தான், உங்க ஒர்க்‌ஷாப்ல போட்டது எந்த கம்பெனி எபாக்ஸி?" எபாக்ஸி என்றால் ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு பாகத்தைக் கலந்து தரையில் பூசி இறுகவிடும் பூச்சு. பெயரைச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவன் ஒன்றும் செய்ய முடியாது. என் ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் ஒரே கம்பெனி, ஒரே சாம்பல் நிறம், இரண்டுமே 2021 கோடையில் போட்டது. பின்பக்கம் இன்றுவரை அப்படியே கிடக்கிறது. முன்பக்கத்தை இந்த மாதம்தான் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் போட்டு முடித்தேன்.

பின்பக்கத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. என்ஜின் ஆயில் கொட்டினால் வேஸ்ட் துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். கார்புரேட்டர் ஜெட் கையிலிருந்து நழுவி விழுந்தால் முழங்காலில் தவழ்ந்து தேட வேண்டாம், கண்ணுக்கு உடனே தெரியும். சிமெண்ட் தூசியே கிடையாது. பிரேக் ஆயிலை மட்டும் சிந்தியதும் துடைத்துவிட வேண்டும், விட்டால் மேல்பூச்சை இளக்கிவிடும்.

இப்போது முன்பக்கம். வெயிலில் ஓடிவந்த வண்டியை நிறுத்துகிற இடம் அது. சூட்டோடு நிற்கிற டயர் ஆறும்போது பூச்சைப் பிடித்து இழுக்கும். முதல் வருடமே டயர் நின்ற இடங்களில் சில்லு சில்லாகக் கிளம்ப ஆரம்பித்தது. ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க வெளுத்த சிமெண்ட் மாவு ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. எபாக்ஸி பிடியை விடவே இல்லை. அது பிடித்திருந்த தரையின் மேல்தோல்தான் தரையை விட்டுக் கழன்று வந்திருக்கிறது.

இந்த மேல்தோல் எப்படி வருகிறது என்று நம் ஊரில் கட்டடம் கட்டியவர்களுக்குத் தெரியும். தளம் போடும்போது கலவை ஓட வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேலே ஊறி வரும், கூடவே சிமெண்டின் நைசான தூளும் மேலே வந்து படியும். போதாததற்கு அதன்மேல் வெறும் சிமெண்டைத் தூவி, கரண்டியால் பளபளவென்று தேய்ப்பார்கள். பார்க்க அழகான தரை, நடந்து புழங்கவும் போதும். ஆனால் பூச்சு போட வேண்டும் என்றால் அந்தப் பளபளப்பு முழுவதும் போய், அடியில் இருக்கும் மணலும் கெட்டியான கான்கிரீட்டும் வெளியே தெரிய வேண்டும். தொட்டால் உப்புத்தாளைத் தொட்ட மாதிரி இருக்க வேண்டும்.

முன்பக்கம் எடுத்துச் செய்த காண்டிராக்டர் இதற்குச் செய்தது ஆசிட் வாஷ். ஆசிட்டை ஊற்றினார், நுரை வந்தது, தண்ணீர் விட்டுக் கழுவினார், மறுநாளே ப்ரைமர் அடித்துவிட்டார். நுரை வந்தாலே தரை தயார் என்பது அவர் கணக்கு. நியாயமாகச் சொன்னால், புதிதாகப் போட்ட சுத்தமான தரைக்கு, மெல்லிய பூச்சுக்கு, ஆசிட் போதும் என்று சொல்கிற கம்பெனிகள் உண்டு. அவர் எபாக்ஸியின் இரண்டு பாகத்தையும் அளந்து சரியாகத்தான் கலந்தார், எங்கேயும் பிசுபிசுப்பு இல்லை. ஆனால் ஆயில் குடித்த தரையில் ஆசிட் வேலை செய்யாது. எண்ணெய்க்குச் சலவைச் சோடாவும் டீகிரீசர் என்ற எண்ணெய் நீக்கும் திரவமும்தான். ஆசிட்டைச் சோடா கரைசலால் முறித்து நன்றாக அலசாவிட்டால் உப்பு தங்கும், அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இதில் எனக்குக் கோபம் என்னவென்றால், ஆசிட் புகையில் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர் எல்லாம் துருப்பிடித்துப் போயின. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றி வெளியே வைத்திருப்போம்.

பாதியில் அவர் வேறு வேலைக்குப் போய்விட, பின்பக்கத்துக்கு வேறு ஆள் வந்தார். முதலில் தரையில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தார். முத்து முத்தாக அப்படியே நின்றது. "அண்ணாச்சி, தண்ணியையே குடிக்காத தரை பெயிண்டை எப்படிக் குடிக்கும்?" என்றார். எண்ணெய்க் கறையைக் கழுவிக் காயவிட்டு, டைமண்ட் கப் வீல் (கான்கிரீட்டைத் தேய்த்தெடுக்கும் வைரத்தூள் பதித்த சக்கரம்) போட்ட கிரைண்டரால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். வாக்குவம் கூடவே ஓடியது. மறுபடியும் தண்ணீரைத் தெளித்தபோது சட்டென்று உறிஞ்சித் தரை கறுத்தது. அந்த இரண்டு தெளிப்பையும் பார்த்த பிறகு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மொசைக் பாலிஷ் மெஷினைக் கூப்பிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த மெஷின் தரையை வழவழப்பாக்க வந்தது, இங்கே வேண்டியது சொரசொரப்பு. அப்புறம், கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய யாரையும் விடாதீர்கள். என்-95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

ஈரத்தையும் அவர்தான் பார்த்தார். எங்கள் கடைக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பாளையங்கால்வாய் ஓடுகிறது. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டால் இந்தப் பக்கத்துத் தரையெல்லாம் அடியில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுக்கும்போது அடியில் தண்ணீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, பூச்சு போடக்கூடாது. போட்டால் கொப்புளம்தான். எங்களுக்குக் கோடை என்பதால் ஷீட் காய்ந்தே வந்தது. புதுத் தளம் என்றால் 28 நாள் ஆன பிறகுதான் இந்தப் பேச்சே.

2023 டிசம்பர் 17, 18 மழையில் கடைக்குள் தண்ணீர் ஏறியது. வடிந்ததும் சேற்றை வழித்துக் கழுவினோம். பின்பக்கத்தில் ஒரு கொப்புளம் இல்லை. முன்பக்கத்தில் உரிந்த ஓரங்கள் வழியே தண்ணீர் புகுந்து பாளம் பாளமாகக் கிளம்பிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகும் மச்சினனிடம் எபாக்ஸி வேண்டாம் என்றுதான் சொன்னேன். முன்பக்கத்தைச் சுரண்டிய அலுப்பு இன்னும் போகவில்லை, அதுவும் காரணமாக இருக்கலாம். சுரண்டித் தேய்த்ததற்கு ஆன கூலியில் சொரசொரப்பான கடப்பா கல்லே பதித்திருக்கலாம். அவன் கடையில் நாள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சுவார்கள், ஓரத்தில் ஒரு இடம் கிளம்பினால் போதும். ஆனி ஆடிச் சாரலில் தென்காசிக் காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் நாட்களில் பூச்சு போடவே கூடாது. அவனோ ஆடி முடிந்ததும் கடையைத் திறக்க வேண்டும் என்கிறான்.

கேட்க மாட்டான், எபாக்ஸிதான் போடுவான். சரி, போடுவதானால் பங்குனி வரை பொறு, கிரைண்டரும் வாக்குவமும் கொண்டுவராத ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.