நடைக்கு இரண்டு நாய்களையும் சேர்த்துக் கூட்டிப்போவதா, தனித்தனியாகவா?

எங்கள் வீட்டில் செவலைக்கு ஒன்பது வயது, மணிக்கு மூன்று. வீட்டுக்குள் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டித்தான் தூங்குவார்கள். வெளியே எதிரில் வேறொரு நாய் வந்துவிட்டால் கதையே வேறு. மணி குரைத்துக்கொண்டே பாய்வான். கயிறு இறுகி அவனைப் பிடித்து நிறுத்தும். அடுத்த நொடியே திரும்பிப் பக்கத்தில் நிற்கும் செவலையின் கழுத்தைக் கவ்விவிடுவான்.

பார்ப்பவர்கள் இருவருக்கும் பகை என்றே நினைப்பார்கள். பகை இல்லை. எட்டாத நாய் மேல் கிளம்பிய வேகம் எட்டுகிறவர் மேல் இறங்குகிறது, அவ்வளவுதான். செவலைக்குப் பதில் உங்கள் கெண்டைக்கால் அங்கே இருந்தால் அதற்கும் இதே கதிதான். இதைப் புரிந்துகொண்டால் எந்த வழி உதவும், எது கெடுக்கும் என்று பிரித்துப் பார்ப்பது எளிது.

முதல் கேள்வி, சேர்த்தா தனித்தனியா? சேர்த்துக் கூட்டிப்போனால் நேரம் மிச்சம். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றும் சொல்வார்கள். நானும் அதை நம்பி நான்கு மாதம் வீணாக்கினேன். ஒருவர் குரைத்தால் மற்றவர் சூடேறுகிறார், கயிறுகள் பின்னிக்கொள்கின்றன, பிடிக்க நமக்கு இருப்பது இரண்டு கைதான். அதைவிட முக்கியமானது, எதிரில் வரும் நாயைக் குரைக்காமல் தாங்கும் தூரம் நாய்க்கு நாய் மாறும். செவலைக்குப் பத்தடி போதும். மணிக்கு அறுபதடி வேண்டும். சேர்ந்து போகும்போது யாருக்கு ஏற்ற தூரத்தில் நிற்பீர்கள்? ஒரு சண்டை நடந்தால் அதன் படபடப்பும் உடனே இறங்காது. மறுநாள்கூடச் சின்னச் சத்தத்துக்கு வெடிப்பார்கள். ஆகவே என் தேர்வு தனித்தனிதான். நேரம் இரட்டிப்பாகும், உண்மை. நடையை இருவருக்கும் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. வீட்டில் இருப்பவருக்கு மோப்பம் பிடித்துத் தேடும்படி தீனியை ஒளித்து வைத்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது, தண்டனையா தீனியா. ஒரு பயிற்சியாளர் எனக்கு ஷாக் காலரைத்தான், அதாவது மின்அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையைத்தான் பரிந்துரைத்தார். குரைப்பு உடனே நிற்கும் என்றார். நிற்கும்தான், ஏமாற்றுவதே அதுதான். எதிரே நாய் வரும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், நாய் என்றாலே வலி என்றுதான் மணியின் மனதில் பதியும். அந்த நொடியில் செவலை பக்கத்தில் நின்றால் பழி அவள் மேலும் விழலாம். உறுமலுக்குத் தண்டனை கொடுத்தால் உறுமல் போய்விடும், கடி போகாது. அப்புறம் எச்சரிக்கையே இல்லாமல் கடிப்பான். வேல்ஸ் நாடு 2010-லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டது. விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் 2021-இல், ஆக்ரோஷமான நாய்களுக்குக்கூட வெகுமதி சார்ந்த பயிற்சியைத்தான் பரிந்துரைத்தது.

தீனி வழி மெதுவானது. மற்ற நாயைப் பார்க்கவும் வேண்டும், தின்னவும் முடிய வேண்டும், அந்தத் தூரத்தில் நிற்க வேண்டும். நாய் கண்ணில் பட்டதும் இறைச்சித் துண்டு, அது மறைந்ததும் தீனி நின்றுவிட வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் நாய், பிறகு இறைச்சி. மாற்றிச் செய்தால் இறைச்சிப் பையைக் கண்டாலே எங்கோ நாய் வருகிறது என்று உஷாராகிவிடுவான். வாயை இறுக மூடி, உடல் விறைத்து, துண்டை மூக்கருகே நீட்டியும் வாங்கவில்லை என்றால் மிக நெருங்கிவிட்டீர்கள். திரும்பி நடந்துவிடுங்கள். ஆறாவது வாரம் மணி தூரத்தில் ஒரு கறுப்பு நாயைப் பார்த்தான், காது நிமிர்ந்தது, பிறகு தானாகவே திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காக எத்தனை மாதமும் காத்திருக்கலாம்.

வாய்ப்பூட்டு போடுவதென்றால் கூடை வடிவத்தில் இருப்பதையே வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை மருத்துவரிடம் ஓரிரு நிமிடத்துக்கு மட்டும் சரி. நாய் உடல் சூட்டைத் தணிப்பதே மூச்சிரைத்துத்தான், வாயைத் திறக்க முடியாமல் நடந்தால் உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தீனியும் வாங்கலாம். ஆனால் பூட்டு கடியைத்தான் தடுக்கும், பயத்தைப் போக்காது. இருவரில் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டுச் சேர்த்து விடாதீர்கள். பூட்டியவருக்குத் தற்காத்துக்கொள்ள வழியிருக்காது.

கருத்தடை செய்தால் அடங்கிவிடும் என்பதை இந்தப் பிரச்சினைக்கு நான் நம்பவில்லை. மருத்துவரிடம் காட்டுவது வேறு விஷயம், அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். செவலை திடீரென்று உறுமத் தொடங்கியதற்கு இடுப்பு மூட்டு வலிதான் காரணம் என்று தாமதமாகத் தெரிந்தது. அவள் உறுமியதுதான் மணியை இன்னும் கிளறியிருக்கிறது.

சண்டை வந்துவிட்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். பெரிய சத்தம் எழுப்புங்கள், இடையில் ஒரு பலகையையோ நாற்காலியையோ நுழைத்துவிடுங்கள்.

இப்போது காலையில் மணி, மாலையில் செவலை. வாரத்தில் ஒருநாள் மட்டும் சேர்ந்து போகிறோம், ஆளுக்கொரு கயிறு, நாய்களுக்கு நடுவே நாங்கள் இருவர்.